பெற்றோரின் கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதிலிருந்து, வயதான பெற்றோரின் கணினியை என்ன செய்வது என்று கேட்டு இப்பகுதிக்குக் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இந்த இதழை முழுவதுமாக அக்கேள்விகளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: என் தந்தை 72 வயதான ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தாயாருக்கு வயது 67. இருவரும் ஸ்ரீரங்கத்தில் தனியே வசிக்கிறார்கள். நான் பெங்களூரில் பணிபுரிகிறேன். அவர்களுடைய கணினியில் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. விண்டோஸ் 11 இதில் இயங்காது என்று கணினியே அறிவிக்கிறது. கடைக்காரர் புதிய கணினி வாங்கச் சொல்கிறார். அலுவலக நண்பரோ, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் போட்டால் போதும் என்கிறார். இந்த வயதில் அவர்களால் பழகிக்கொள்ள முடியுமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: முடியும். ஆனால் நீங்கள் எதை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது எளிதாகவோ கடினமாகவோ அமையும்.

முதலில் கணினியைப் பற்றி. விண்டோஸ் 11 இயங்க டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த நிபந்தனை. அந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் நிறுவும் முறைகள் இணையத்தில் உலவுகின்றன. அவ்வாறு நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், அருகில் உதவிக்கு ஆளில்லாத பெற்றோரின் கணினியில் அதைச் செய்ய வேண்டாம். அவசரப்படவும் தேவையில்லை. விரிவாக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்துக்கொள்பவர்களுக்கு அதற்குக் கட்டணமும் இல்லை. உடனே மாற்ற இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு அது மூச்சுவிட ஒரு அவகாசம்.

புதிய கணினி வாங்குவதற்கு முன், இருப்பதில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான வட்டு) ஒன்றைப் பொருத்துங்கள். இடமிருந்தால் இன்னொரு 4 ஜிபி ரேமும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் தட்டுள்ள அந்த ஹார்ட் டிஸ்க்தான், செயலி அன்று. லினக்ஸ் மிண்ட் 2 ஜிபி ரேமிலேயே இயங்கும் என்று அதன் உருவாக்குநர்கள் குறிப்பிட்டாலும், 4 ஜிபி இருப்பதே வசதி என்றும் அவர்களே பரிந்துரைக்கிறார்கள். உலாவியில் நான்கைந்து தாவல்களைத் திறந்து வைத்திருப்பவருக்கு அதற்கும் மேல் இருந்தால் நல்லது.

இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஆலோசனை வருகிறது. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கட்டும். ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். அந்த விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்பு எண்ணையும் உறையின் மேலேயே எழுதிவிடுங்கள். மிண்ட் உங்கள் தந்தைக்கு ஒத்துவராவிட்டால், இரண்டு கேபிள்களை மாற்றிப் பொருத்தி மறுபடியும் பழைய கணினியையே அவர்முன் வைத்துவிடலாம். திரும்பிப்போக வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் புதியதை அச்சமின்றித் தொடுவார்கள். ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்து, கணினியை இயக்கும்போதெல்லாம் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் முறையை முதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சில விநாடிகளே தோன்றி மறையும் அந்தக் கறுப்புத் திரை அவர்களைக் கலங்கச் செய்கிறது.

அடுத்து வரிசை. இயங்குதளத்தை மாற்றுவதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே, விண்டோஸில் இருக்கும்போதே அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களை மாற்றிவிடுங்கள். எட்ஜுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ் அல்லது குரோம், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், படம் பார்க்க விஎல்சி ஆகிய மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருப்பவை. உங்கள் தந்தை கட்டுரைகளைப் பத்திரிகைகளுக்கோ அச்சகத்துக்கோ அனுப்புபவராக இருந்தால், லிப்ரே ஆபீஸின் அமைப்புகளில் கோப்புகள் எப்போதும் வேர்டு வடிவத்திலேயே சேமிக்கப்படும்படி ஒருமுறை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் "கோப்பு திறக்கவில்லை" என்று அச்சகத்திலிருந்து அழைப்பு வரும்போது, குற்றம் முழுவதும் புதிய இயங்குதளத்தின் தலையில் விழும். இந்த மென்பொருள்களில் கை பழகிய பிறகு அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால், அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது மிகக் குறைவே. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டு இரவு ரயிலில் பெங்களூருக்குத் திரும்பிவிட்டால், திங்கட்கிழமை காலை அவர்களுக்குத் தெரிந்தது என்று கணினியில் எதுவுமே இராது.

அந்த மாதங்களில் இன்னொன்றும் செய்யுங்கள். உண்மையில் அவர்கள் கணினியில் என்னென்ன செய்கிறார்கள் என்பதை அருகிலிருந்து கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு ஆகியவை உலாவியில் நடப்பவை என்பதால் சிக்கல் இல்லை. வரிக் கணக்கை ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்வதும் அப்படியே நடக்கும். வாட்ஸ்அப்பையும் உலாவி வழியே கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியர்கள் உயிருடன் இருப்பதைக் காட்டும் ஜீவன் பிரமாண் சான்றைக் கைரேகைக் கருவியோடு வீட்டுக் கணினியிலேயே எடுத்து வந்தவர்கள் மட்டும் முன்கூட்டியே மாற்றுவழி காண வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அச்சான்றைப் பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது; சான்று கொடுக்க வேண்டிய மாதத்தின் நெருக்கடிக்கு முன்பே அதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். டாலி போன்ற கணக்கு மென்பொருளில் அன்றாடம் வேலை செய்பவராக இருந்தால், அந்தக் கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுவதுதான் முறை.

நிறுவுவதற்கு முன்பு, மிண்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வட்டில் இருப்பது எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, கேமரா ஆகிய நான்கும் வேலை செய்கின்றனவா என்பதை அந்த நிலையிலேயே சோதித்துவிடுங்கள். மிண்டின் சின்னமன் பதிப்பில் விண்டோஸில் இருப்பதைப் போலவே இடப்பக்கக் கீழ்மூலையில் பட்டியலும் அடியில் பணிப்பட்டையும் இருப்பதால், அதையே தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகு, எழுத்துரு அமைப்பில் எழுத்தின் அளவை 1.2 அல்லது 1.3 மடங்காக்குங்கள், சுட்டியின் அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள், இரட்டைச் சொடுக்குக்கான கால இடைவெளியைக் கூட்டுங்கள். விரல் சற்று நடுங்குபவருக்கு இந்தக் கடைசி மாற்றம் பெரும் நிம்மதி தரும். விண்டோஸிலும் இது உண்டு என்றாலும், யாரும் அவர்களுக்கு அதைச் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு சிறு கண்ணியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல் கேட்காமலேயே கணினி திறக்கும்படி அமைத்துவிட்டால், பிறகு குரோமைத் திறக்கும்போது "கீரிங்" என்ற பெயரில் ஒரு பெட்டி தோன்றிக் கடவுச்சொல் கேட்கும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் பூட்டப்பட்டிருக்கும் பெட்டகம் அது. கடவுச்சொல் கொடுத்து உள்நுழைபவருக்குத் தானாகவே திறந்துகொள்ளும். அது என்னவென்று தெரியாத பெற்றோர், மோசடிக்காரர்கள் கேட்கிறார்களோ என்று அஞ்சிக் கணினியையே அணைத்துவிடுவார்கள். அப்படி அஞ்சுவது சரியான எச்சரிக்கை உணர்வுதான். அதைக் கெடுக்கக் கூடாது. எனவே தானியங்கி உள்நுழைவை விட்டுவிட்டு, நினைவில் நிற்கும் கடவுச்சொல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கொடுத்தே நுழையும்படி பழக்குங்கள்.

மென்பொருள் மேம்பாடுகள் தாமாகவே நடக்கும்படி அப்டேட் மேலாளரில் அமைக்கலாம். டைம்ஷிஃப்ட் என்னும் கருவியையும் இயக்கிவிடுங்கள். ஏதேனும் கெட்டுப்போனால், முந்தைய நாள் இருந்த நிலைக்கு இயங்குதளத்தைக் கொண்டுபோக அது உதவும். ஆனால் அது இயங்குதளத்தை மட்டுமே காக்கும். தந்தையின் கட்டுரைகளுக்கும் பேரக்குழந்தைகளின் படங்களுக்கும் தனியே ஒரு வெளி வட்டில் நகல் வைப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: மேற்கண்ட வாசகியின் கடிதத்திலேயே இன்னொரு கேள்வியும் இருந்தது. அவருடைய தந்தை தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர். பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவிலும், அண்மைக் காலத்தவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடிலும் இருக்கின்றன. அவை என்னாகும்? லினக்ஸில் அவரால் தமிழில் எழுத முடியுமா?

பதில்: தமிழ் எழுதுபவர்களைப் பொறுத்தவரை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுவே.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்பின் உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியே பயன்படுகிறது. எனவே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கிலக் குப்பையாகக் காட்சியளிக்கும். முப்பது ஆண்டு உழைப்பு அழிந்துவிட்டதென்று உங்கள் தந்தை கலங்கிவிடக் கூடாது. கோப்புக்கு ஒன்றும் ஆகியிராது. விண்டோஸ் கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியையும் அவர் பயன்படுத்திய பிற எழுத்துருக்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வந்து, மிண்டில் அவற்றின்மேல் இருமுறை சொடுக்கி நிறுவினால், கட்டுரைகள் பழையபடி தமிழில் தெரியும்.

எனினும் நிலையான தீர்வு அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் விண்டோஸில் இயங்குபவை என்பதால், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். இடையே ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகளில் மாற்றி தடுமாறும். அந்தச் சொற்களையும் பாமினி என்றெண்ணி அர்த்தமற்ற தமிழாக்கிவிடும். அதனால் மாற்றிய கோப்புகளைத் தந்தையே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். மூலக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். யூனிகோடில் எழுதியவற்றுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை. லதா எழுத்துருவுக்குப் பதில் நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவில் தெரிவதால் வரிகள் சற்றே இடம் மாறலாம், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு, மென்பொருள் மேலாளரில் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் இருக்கின்றன. சாதாரண விசைப்பலகை அமைப்புகளிலும் தமிழ்99 என்ற பெயரில் ஒன்று தென்படும். அது விசைக்கு எழுத்து என்று மட்டும் பொருத்துவது. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து "க்க" என்று வருவது தமிழ்99-இன் சிறப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அம்முறை தரப்படுத்தப்பட்ட காலத்திலிருந்து எழுதிவருபவர்களின் விரல்கள் அதைத்தான் எதிர்பார்க்கும். எம்17என் முறையில் அது கிடைக்கிறது.

உங்கள் தந்தைக்குத் தட்டச்சு முறையே வேண்டும் என்பதால், பென் டிரைவில் சோதிக்கும் கட்டத்திலேயே அவரை அமர வைத்து, ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னர் அடிக்கும் பழக்கம் சரியாக ஒத்துவருகிறதா, கிரந்த எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பதை அவரே சொல்வார். ஓர் எழுத்து இடம் மாறியிருந்தாலும் நாற்பது ஆண்டு பழகிய விரல் உடனே கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு பக்கத்தை அவர் நிறைவோடு எழுதி முடிக்காதவரை, வட்டில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்பா மாற்றவே வேண்டாம் என்கிறார். அடுத்த மாதம் அவர் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வாரத்தில் நானும் தம்பியும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறோம். திரும்பி வந்தால் பழகிக்கொள்வார் அல்லவா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அவ்வாறு செய்யாதீர்கள். கணினி அவருடையது. நாளிதழ் படிப்பதும் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதும், யாரையும் சார்ந்திராமல் அவரால் இன்னும் செய்ய முடிகிற காரியங்கள். ஊரிலிருந்து வந்து திரையைத் திறக்கும்போது எல்லாம் மாறியிருந்தால், அந்தச் சுதந்திரத்தைப் பிள்ளைகள் பறித்துக்கொண்டதாகவே அவர் உணர்வார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் நல்ல ஆலோசனைகளும் அவர் காதில் ஏறா.

அவர் ஏன் மறுக்கிறார் என்பதைக் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் குறிப்பில்லை. இத்தகைய மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் தெளிவான காரணம் ஒன்று இருக்கும்: ஒரு கோப்புறை தொலைந்துவிடும் என்ற கவலை, சீட்டாட்ட விளையாட்டு இராதே என்ற எண்ணம், அல்லது முன்பு யாரோ கணினியைச் "சரிசெய்து" படங்களை இழந்த அனுபவம். காரணம் தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம். முதல் பதிலில் சொன்னபடி பழைய வட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் முறையை அவருக்கு விளக்குங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால், விரிவாக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் அவரைப் பதிவு செய்துவிட்டு, வங்கி வேலைகளை மட்டுமாவது கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். தாயாரின் விருப்பத்தையும் தனியே கேளுங்கள். பல வீடுகளில் கணினியை அதிக நேரம் பயன்படுத்துபவர் அவராகவே இருந்தும், அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: லினக்ஸ் பொறியியல் படித்தவர்களுக்கானது என்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தமிழ்நாடு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ் கருவே. நிறுவுவதற்குத்தான் விவரம் தெரிந்தவர் தேவை. விண்டோஸையும் உங்கள் பெற்றோர் தாமே நிறுவிக்கொள்ளவில்லை.

கேள்வி: வெளியூரிலிருந்து அவர்கள் கணினியைப் பார்த்து உதவ வழியுண்டா? மோசடிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொலைவிலிருந்து உதவுவதற்கான ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகிய மூன்று செயலிகளும் லினக்ஸில் இயங்குகின்றன. ஆனால் உங்கள் அச்சம் நியாயமானது. வங்கி ஊழியர்போலப் பேசித் தொலைவிலிருந்து திரையைக் கைப்பற்றும் செயலியை நிறுவச் செய்து பணம் பறிக்கும் முறையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. இயங்குதளத்தை மாற்றுவதால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. தொலைபேசியில் "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவனுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான்.

ஆகவே வீட்டுக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: உதவிச் செயலியை அவர்கள் திறப்பது, அவர்களே உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும். வந்த அழைப்பின் பேரில் ஒருபோதும் திறப்பதில்லை. அழைப்பது உங்கள் குரல்போலவே இருந்தாலும், வைத்துவிட்டு உங்கள் எண்ணுக்குத் திரும்ப அழைக்கட்டும். செயலி தானாக இயங்கும்படியும், அவர்கள் ஒப்புதலின்றி நுழையும்படியும் அமைக்காதீர்கள். உங்கள் எண்ணையும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் திரையின் சட்டத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930-க்குச் சொல்வதே மீட்பதற்கான வாய்ப்பைக் கூட்டும். ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தால் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைப்பவர்கள் பலர். எது நடந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கேனான் எல்பிபி 2900 அச்சுப்பொறி இருக்கிறது. மிண்டில் வேலை செய்யுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கேனானின் கேப்ட் என்னும் தனி முறையில் இயங்குவதால், இந்த அச்சுப்பொறி லினக்ஸில் எளிதில் ஒத்துழைப்பதில்லை, விவரம் தெரிந்தவர்களுக்கே நேரம் பிடிக்கும். எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் எச்பிலிப் என்னும் இயக்கி மூலம் சிரமமின்றி இயங்கும். எப்சன் மைத்தொட்டி வகைகளுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் இயக்கியை வழங்குகிறது. உங்கள் வீட்டில் மாதத்துக்கு ஓரிரு பக்கங்களே அச்சிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகப் புதிய அச்சுப்பொறி வாங்க வேண்டியதில்லை. கோப்பை பிடிஎஃப் ஆக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முறையைக் கற்றுக்கொடுங்கள். வங்கி அறிக்கை, ஆதார் நகல் போன்றவற்றை மட்டும் அவ்வாறு அனுப்பாமல், பென் டிரைவில் நேரில் கொண்டுபோய் அச்சிட்டு, கடைக் கணினியில் நகல் தங்காதபடி கண்முன்னே அழிக்கச் சொல்லட்டும்.